ரத்தம் வருகிற பக்கம்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். நேற்று போனில் பேச்சோடு பேச்சாக, பல் துலக்கினால் ஈறில் ரத்தம் வருகிறது, அதனால் அந்தப் பக்கம் பிரஷ் படாமல் பார்த்துக்கொள்கிறேன் என்றாய். உன் வயதில் நானும் அதையேதான் செய்தேன்.

ரத்தம் வந்தால், பெரும்பாலும் அங்கே அழுக்குப் படிந்து ஈறு வீங்கியிருக்கிறது என்று அர்த்தம். அந்த இடத்தைத்தான் இன்னும் பதமாகத் துலக்க வேண்டும். நான் விட்டுவைத்தேன். படிவு இறுகிக் காரையானது. காரையான பிறகு எந்த பிரஷுக்கும் அது அசையாது. வலி என்று ஒன்றும் இல்லாததால் வருஷக்கணக்கில் ஓடிவிட்டது. கீழ்வரிசை முன்பல் ஒன்று நாக்கு பட்டாலே ஆடிய பிறகுதான் டாக்டரிடம் போனேன்.

அவர் மில்லிமீட்டர் கோடு போட்ட மெல்லிய கம்பியைப் பல்லுக்கும் ஈறுக்கும் நடுவே விட்டு, ஒவ்வொரு பல்லாக எண் சொல்லிக்கொண்டே வந்தார். கம்பி எத்தனை மில்லிமீட்டர் ஆழம் இறங்குகிறது என்ற கணக்கு அது. 3 வரை பரவாயில்லையாம். எனக்கு 5, 6 என்று போய், அந்த ஆடுகிற பல்லில் 8. மார்க் ஏற ஏற வயிற்றைக் கலக்கிய பரீட்சை அது ஒன்றுதான்.

மரத்துப்போக ஊசி போட்டு, ஈறுக்கு அடியில் வேரை ஒட்டிய காரையைச் சுரண்டி எடுத்தார். ஒருநாள் வலப்பக்கம், இன்னொரு நாள் இடப்பக்கம். ஊசி குத்தியதைத் தவிர பெரிய வலி இல்லை. அப்புறம் சில வாரம் குளிர்ந்த தண்ணீர் பட்டால் சுரீர் என்றது, பல்லிடுக்கில் சந்தும் தெரிந்தது. சுத்தம் செய்தால் பல் தேய்ந்துவிடும் என்று பலர் பயமுறுத்துவது இதை வைத்துத்தான். காரை அடைத்திருந்த இடம் காலியானால் சந்து தெரியத்தானே செய்யும்! வீக்கம் வடிந்தது, ரத்தம் நின்றது. ஆனால் பல்லைத் தாங்கும் எலும்பு அதற்குள் கரைந்திருந்தது, அது மட்டும் திரும்பவில்லை. அந்தப் பல்லை எடுக்க வேண்டியதாயிற்று. எனக்குச் சர்க்கரை இருப்பதும் ஒரு காரணம் என்றார். சர்க்கரை ஏறினால் ஈறு கெடும், ஈறு கெட்டால் சர்க்கரை அடங்காது.

உனக்கு வெறும் ஈறு வீக்கமாகவே இருக்கலாம். அப்படியானால் காரையை எடுத்துவிட்டு ஒழுங்காகத் துலக்கினால் சில வாரத்தில் சரியாகிவிடும். ஆனால் அது கம்பி அளவும் எக்ஸ்ரேயும் சொல்ல வேண்டியது, நான் இல்லை. மெல்லிய நார் பிரஷ் வாங்கிக்கொள். ஈறு விளிம்பை நோக்கிச் சாய்த்து, காலையும் இரவும் 2 நிமிடம். இடுக்குக்குத் தனிக் குட்டி பிரஷ் உண்டு. கொப்பளிக்க குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினி மருந்தை டாக்டர் கொடுத்தால் சொன்ன நாளோடு நிறுத்திவிடு, நீட்டினால் பல்லில் பழுப்புக் கறை ஏறும்.

டாக்டரிடம் போய்வந்ததும் உன் எண்களை எனக்கு அனுப்பு. பக்கத்திலிருந்து இதைப் படித்த அம்மா, "நேற்று ராத்திரி நீங்கள் துலக்கினீர்களா?" என்கிறாள். சரி, எழுந்து போகிறேன்.

அன்புடன்,
அப்பா