ஓர்வியேத்தோ பயணம்: சனி, ஞாயிறு

எல்லோருக்கும் வணக்கம். இந்தச் சனி, ஞாயிறு பயணத்துக்கு இத்தாலியின் ஓர்வியேத்தோ ஊருக்கே போவதென்று முடிவாகிவிட்டது. ரோமின் தெர்மினி ஸ்டேஷனிலிருந்து ரயிலில் ஏறக்குறைய ஒன்றேகால் மணி நேரம். ஊர் எரிமலைப் பாறையின் உச்சியில் இருக்கிறது. ஆனால் ஓர்வியேத்தோ ஸ்டேஷன் எதிரிலேயே மேலே ஏற்றிவிடும் இழுவை ரயில் உண்டு, மூட்டுவலி உள்ளவர்கள் கவலைப்பட வேண்டாம். காகித டிக்கெட் எடுத்தால் ஏறும் முன் மெஷினில் முத்திரை குத்திவிடுங்கள், இல்லாவிட்டால் அபராதம்.

மேலே இறங்கியதும் முதலில் புனித பத்ரீசியோ கிணறு. 1527-இல் போப் ஏழாம் கிளமென்ட் வெட்டச் சொன்னது, 53 மீட்டர் ஆழம். ஒன்றையொன்று தொடாத இரண்டு சுழல் படிக்கட்டுகள், தலா 248 படிகள். அந்தக் காலத்தில் தண்ணீர் சுமக்கும் கோவேறு கழுதைகள் ஒன்றில் இறங்கி மற்றதில் ஏறின, எதிரெதிரே முட்டிக்கொள்ளவே வழியில்லை! சுவர் ஜன்னல்கள் வழியே எதிர்ப் படிக்கட்டில் போகிறவர்களுக்குக் கையசைக்கலாம். அடியில் குளிரும், குழந்தைகளுக்கு ஸ்வெட்டர் எடுத்து வாருங்கள்.

அப்புறம் பேராலயம், 1290-இல் தொடங்கியது. முகப்பின் மொசைக்கைச் சாயங்கால வெயிலில்தான் பார்க்க வேண்டும், அதனால் அவசரப்படாமல் போவோம். உள்ளே ஓவியர் சிஞ்ஞொரெல்லி வரைந்த சுவரோவியங்களைத் தவறவிடாதீர்கள். தோளும் முட்டியும் மூடிய உடை அவசியம். மதியச் சாப்பாட்டை இரண்டு மணிக்குள் முடிப்போம், பிறகு பல கடைகளில் அடுப்பை அணைத்துவிடுவார்கள்.

வருகிறவர்கள் புதன் இரவுக்குள் பெயர் சொல்லுங்கள், அறை பதிவு செய்ய வேண்டும்.