இனி பத்துப் பக்கம் வராது மச்சான்

மச்சான்,

உன்ர மெயில் வந்து மூண்டு கிழமையாகுது, பதில் போடேல்ல எண்டு கோவிக்காத. ஒப்பரேஷன் முடிஞ்சு வீட்டுக்கு வந்திட்டாய் எண்டு கேள்விப்பட்டனான். உன்ர மனிசியும் என்ர மனிசியும் போனில ஒண்டரை மணித்தியாலம் கதைச்சவை, அதில எனக்கு வந்து சேந்தது ரெண்டே ரெண்டு வசனம்: நீ படியேறத் தொடங்கிட்டாய், பிசியோவுக்கு வாற பெட்டையோட சண்டை பிடிக்கிறாய். ரெண்டும் நல்ல செய்தி எண்டுதான் எடுத்துக்கொண்டன்.

இங்க நாங்கள் சுகம். பெரியவன் லவாலில வீடு வாங்கிப் போட்டான், நாங்கள் இன்னும் பழைய வீடுதான். ஏப்ரல் பிறந்தும் பின் வளவில ஸ்னோ கிடக்கு. எனக்குக் காதுக்குள்ள கூவுறது நிக்கேல்ல, இரவில சத்தம் அடங்கினா சில்வண்டு கத்துற மாதிரி. டொக்டர் வயசு எண்டுறார், மனிசி முப்பது வருச வாணவெடி எண்டுறா.

நீ கேட்டிருந்தாய், போன வருச வாணவெடிப் போட்டி பற்றி நான் உனக்கு எழுதி அனுப்புற றிப்போட் நாலாவது ஷோவோட நிண்டிட்டுது, மிச்சம் தபாலில துலைஞ்சு போச்சோ எண்டு. துலையேல்ல. நான் எழுதேல்ல. இதைச் சொல்லத்தான் மூண்டு கிழமை இழுத்தடிச்சனான்.

நடந்தது இதுதான். போன ஜூலை ஒரு சனிக்கிழமை. வழமை மாதிரி போட்டி நடக்கிற தீவில, லா றொண்ட் பார்க்கில ஏரிக்கரைப் பக்கம் கதிரை, மடியில கொப்பி, பொக்கற்றில மூண்டு பேனை, மனிசியின்ர கையில ரோச்லைற். பத்து மணிக்குத் தொடங்கி பத்தரைக்கு முடியேக்க நான் பதினொரு பக்கம் நிரப்பிப் போட்டன். அதில ஒரு இடத்தில மேளச் சத்தத்துக்குச் சரியா தண்ணிக்கு மேலால வால் விட்டுக்கொண்டு போற வெள்ளைக் கொமெற்றுகள் இடப்பக்கத்தில இருந்து வலப்பக்கம் ஓடினது, நான் "12, இ-வ, 3 செக்" எண்டு எழுதி, நல்ல இடம் எண்டு கீழ கோடும் இழுத்தனான். அடுத்த நாள் சின்னவன் வந்து, அப்பா இதை ஒருக்காப் பாருங்கோ எண்டு, ஆரோ பாலத்தில நிண்டு எடுத்த வீடியோவை போனில மெதுவா ஓட்டிக் காட்டினான். பன்னிரண்டு இல்லையடா. நாப்பத்தி நாலு. இடமிருந்து வலம் போய், வலமிருந்து இடம் திரும்பி, பேந்து ரெண்டு அந்தத்தில இருந்தும் நடுவுக்கு வந்து மோதி, எல்லாம் அந்த மூண்டு செக்கனுக்குள்ள. அண்டு இரவு வீடியோவையும் கொப்பியையும் பக்கத்தில பக்கத்தில வைச்சுக் கொண்டு விடியப்புறம் ரெண்டு மணி மட்டும் திருத்தினன், உன்ர கணக்குக் கொப்பியை மாஸ்ரர் திருத்துவாரே, அந்த மாதிரி. பதினொரு பக்கத்தில நாலு பக்கம் தேறேல்ல. அப்ப மற்றக் கொப்பியள்? வீட்டில அறுபத்தொரு கொப்பி கிடக்கு மச்சான், அதில எத்தினை பன்னிரண்டு நாப்பத்தி நாலோ ஆருக்குத் தெரியும்.

தொடங்கேக்க இப்பிடி இல்லை. அப்ப ஒராள் பலகையில பட்டன் அமத்துவார், ஒரு ஷெல் போகும், விரியும், அணையும், அடுத்தது போகும். எழுத நேரம் இருந்தது. இப்ப எல்லாம் கொம்பியூற்றர், பாட்டோட சேத்து செக்கனை நூறாப் பிரிச்சு முன்னமே எழுதி வைச்சிடுறாங்கள், ஒவ்வொரு குழாய்க்கும் ஒரு வயர், இரவு அந்தாள் செய்யிறது தொடங்கச் சொல்லி ஒருக்கா அமத்துறதும் காத்தைப் பாத்துக் கொண்டு நிக்கிறதும்தான். அதைப் போய் நான் பேனையால துரத்திக்கொண்டு திரிஞ்சிருக்கிறன்.

இந்த விசர் எங்க பிடிச்சது எண்டு நீ எத்தினையோ தரம் கேட்டாய், நான் பகிடி விட்டுச் சமாளிச்சனான். சொல்லுறன் கேள்.

நான் வந்த வருசம், பப்பினோ மெற்றோவுக்குக் கிட்ட ஒரு அறையில அஞ்சு பேர் இருந்தம். ஒரு சனிக்கிழமை இரவு, நாலு பேர் சீட்டு விளையாட ஒராள் சோறு வடிச்சுக்கொண்டிருந்தவர். டொக். கொஞ்சம் பொறுத்து படீர். ஒரு செக்கனில அஞ்சு பேரும் நிலத்தில. சோத்துப் பானையும் நிலத்தில. ஒருத்தரும் வாய் திறக்கேல்ல, நான் மனசுக்குள்ள எண்ணிக்கொண்டு கிடக்கிறன், உனக்குத் தெரியுமே அந்த எண்ணல். 1986 இல யாழ்ப்பாணக் கோட்டையில இருந்து ஆமி ஷெல் குத்தேக்க ரியூட்டரி வாங்குக்குக் கீழ நீயும் நானும் எண்ணினது, குத்துச் சத்தம் கேட்டா ஒண்டு ரெண்டு மூண்டு, இந்தா விழப்போகுது, விழுந்திட்டுது, எங்களுக்கில்லை. அதே எண்ணல். பேந்து கீழ் வீட்டுக் கிழவி படியேறி வந்து கதவைத் தட்டி, எங்கட கோலத்தைப் பாத்திட்டு ஃப டார்த்திஃபிஸ், ஃப டார்த்திஃபிஸ் எண்டு கையை மேல எறிஞ்சு காட்டினா. எங்களுக்குள்ள ஒருத்தனுக்குத்தான் ரெண்டு சொல்லு பிரெஞ்சு தெரியும், அவன் 'ஃப' எண்டா நெருப்பு எண்டான். போச்சு, உடுப்புப் பையைத் தூக்கிக்கொண்டு படியால ஓடினம். றோட்டில சனம் ஐஸ்கிறீம் நக்கிக்கொண்டு வானத்தைப் பாத்துக்கொண்டு நிக்குது, கிழவி சொன்னது வாணவெடியை.

அடுத்த ஷோவுக்கு நான் தனியப் போனன், மற்றவங்கள் வரமாட்டன் எண்டிட்டாங்கள். பழைய துறைமுகத்தில மணிக்கூட்டுக் கோபுரத்தடியில நிண்டு பாத்தன். முதல் வெளிச்சம். எண்ணினன், ஒண்டு ரெண்டு மூண்டு நாலு, அதுக்குப் பிறகுதான் சத்தம். சத்தம் செக்கனுக்கு 340 மீற்றர் போகும் எண்டு பிசிக்ஸில படிச்சது ஞாபகம் வந்து பெருக்கிப் பாத்தா ஆற்றைத் தாண்டித் தீவு மட்டும் வடிவாச் சரி வருது. பொக்கற்றில வெறும் சிகரெட் பெட்டி ஒண்டு கிடந்தது, அதின்ர பின் பக்கத்தில எழுதினன், எத்தினையாவது வெடி, என்ன நிறம், எத்தினை செக்கன். அதுதான் முதல் றிப்போட். போட்டிக்கும் அப்ப சிகரெட் கொம்பனிதான் ஸ்பொன்சர், நீ அந்த நாளையில ரொறொன்ரோவில ஒன்ராறியோ பிளேசில பாத்த சிம்பனி ஒஃப் ஃபயர் வாணவெடிக்கும் அவங்கள்தானே. சிகரெட் விளம்பரத்துக்குச் சட்டம் இறுகினாப் பிறகு இங்க அரசாங்கத்தின்ர சாராயக்கடை எடுத்தது, பேந்து லொத்தர் கொம்பனி. குடி, புகை, சூது, மூண்டின்ர காசிலயும் ஆகாயத்தில பூப் பூத்திருக்கு.

எழுதப் போய்த்தான் பேரெல்லாம் படிச்சனான். பியோனி எண்டா பொறி வாலில்லாமல் உருண்டையா விரியும், அதே உருண்டை ஒவ்வொரு பொறிக்கும் பின்னால வால் விட்டா கிறிசாந்திமம். குறொசெற் பறந்து போய் நாலா உடைஞ்சு சிலுவை போடும். கமுரோ எண்டுறது யப்பான் சொல்லு, அந்தக் காலத்துப் பிள்ளையளின்ர தலைமயிர் வெட்டாம், தங்க நிறத்தில மெல்ல மெல்ல ஒழுகி வரும். நீலம் கண்டா நான் ரெண்டு நட்சத்திரம் போடுவன், ஏனெண்டா சிவப்புக்கு ஸ்ட்ரோன்சியம், பச்சைக்கு பேரியம், அதுகள் சூட்டைத் தாங்கும், நீலத்துக்குப் போடுற செம்பு உப்பு கொஞ்சம் சூடு கூடினாலே குலைஞ்சு வெளிறிப் போகும், குறைச்சா வெளிச்சம் காணாது. நல்ல நீலம் காட்டுறவன் வேலை தெரிஞ்சவன். ஆனா ஜூரியில இருக்கிறது பொதுசனத்தில இருந்து எடுத்த ஆக்கள், அவைக்கு நீலத்தின்ர அருமை விளங்கோணும் எண்டு கேக்கேலாது, கடைசி ரெண்டு நிமிசம் காது அடைக்க அடிச்சா எழும்பி நிண்டு கை தட்டுவினம். என்ர முதலாமிடமும் தங்க யூப்பிட்டர் எண்ட முதல் பரிசு எடுத்தவையும் எத்தினை வருசம் ஒத்து வந்தது எண்டு நீதானே ஒருக்காக் கணக்குப் பாத்து நக்கலடிச்சனீ.

சிவப்பு செலோபேன் சுத்தின அந்த ரோச்லைற்றை இத்தனை வருசம் பிடிச்சது ஆர்? முன்னுக்கு இருக்கிறவைக்குக் கண் கூசக் கூடாது, எனக்குப் பக்கம் தெரியோணும், கை ஆடக் கூடாது, ஆடினா நான் பல்லைக் கடிப்பன். வீடியோக் கதையை மனிசிக்குச் சொன்னாப் பிறகு அவ கனநேரம் ஒண்டும் சொல்லேல்ல, பேந்து குசினிக்குள்ள இருந்து கேட்டா, அப்ப பிழையா எழுதுறதுக்கோ நான் லைற் பிடிச்சனான் எண்டு. எனக்கு மறுமொழி இல்லை. அவ ஒரு ஷோவும் முழுசாப் பாத்ததில்லை, என்ர கையெழுத்தைத்தான் பாத்திருக்கிறா, அதுவும் சிவப்பு வெளிச்சத்தில.

மிச்ச ஷோவுகளை நாங்கள் ஜாக் கார்த்தியே பாலத்தில நிண்டு பாத்தம். அண்டைக்கு வாகனத்தை மறிச்சு விடுவாங்கள், சும்மா நடந்து ஏறலாம், ரிக்கற் காசும் மிச்சம், பாட்டு றேடியோவில போகும். கொப்பி கொண்டு போகேல்ல. முதல் நாள் கை சும்மா இருக்கேலாமல் கம்பியைத் தடவிக்கொண்டு நிண்டுது. காத்து கொஞ்சமும் இல்லாத இரவு அது, பத்து நிமிசத்தில புகை அப்பிடியே தேங்கிப் போச்சு, மேல வெடிக்கிறதெல்லாம் பஞ்சு மூட்டைக்குள்ள லைற் போட்ட மாதிரி, பாவம் அவங்கள் வருசக் கணக்கா உழைச்சிருப்பாங்கள். அதுக்குள்ளால ஒரு கமுரோ மட்டும் கீழ வந்து, புகைக்குக் கீழால எட்டிப் பாத்து, தண்ணி மட்டும் ஒழுகிச்சு. மனிசி என்ர கையை இறுக்கிப் பிடிச்சா. எத்தினை ஷெல் எண்டு நான் எண்ணேல்ல. அதுக்காக எல்லாம் மாறிப்போச்சு எண்டு நினைக்காத, சலூட் எண்ட சத்த வெடி வெடிக்கேக்க தோள் இண்டைக்கும் ஒருக்காத் துள்ளும், அது நிக்காது போல.

அப்ப இந்த வருசம் இப்பிடித்தான். எல்லா ஷோவுக்கும் போகமாட்டன், மூண்டோ நாலோ. ஒண்டுக்கு ஒரு பக்கம் எழுதுவன், காத்து எந்தப் பக்கம், புகை எப்பிடி, ஆரின்ர நீலம் நல்லா இருந்தது, எந்த இடத்தில பாட்டு சொதப்பினது, அவ்வளவுதான். நிமிசக் கணக்கு, ஷெல் கணக்கு, இடம் வலம் ஒண்டும் வராது. உனக்குக் கணக்குத்தான் வேணுமெண்டா சின்னவனிட்டச் சொல்லி வீடியோ லிங்க் அனுப்பச் சொல்லுறன், படுக்கையில கிடந்து மெதுவா ஓட்டிப் பாத்து எண்ணு, உனக்கும் முழங்கால் ஆறுமட்டும் சோலி இல்லைத்தானே. நீ கோவிப்பாய் எண்டு தெரியும், குளிர்காலத்தில உனக்கு வாசிக்க உதுதான் இருந்தது எண்டு எழுதினனீ. அதை வாசிக்க எனக்கும் ஒரு மாதிரித்தான் இருந்தது.

இன்னொண்டு. நான் அனுப்பின போட்டோக்கொப்பி எல்லாம் உன்ர பேஸ்மென்றில பெட்டியில கிடக்கு எண்டாய், எறிஞ்சு போடாத. பிழை எண்டாலும் கிடக்கட்டும். 1996 கொப்பி என்னட்ட இல்லை, எங்கட பேஸ்மென்றுக்குள்ள தண்ணி வந்த நேரம் ஊறிப் பிய்ஞ்சு போச்சு, உன்னட்ட இருக்கிறதுதான் மிச்சம்.

ஜூன் கடைசியில தொடங்கும், ஜூலை நடுவில வா, அதுக்குள்ள உன்ர கால் சரிவரும். பாலம் உனக்கு ஏற்றம், துறைமுகத்தடிக்கு மடக்குக் கதிரை கொண்டு போவம், அங்க நிண்டா நாலு செக்கன் பிந்தித்தான் சத்தம் வரும், ரெண்டு பேருக்கும் நல்லது. வரேக்க 1996 ஐ மறக்காமல் எடுத்து வை, ஸ்கார்பரோவில நீ வழமையா வாங்குற கடையில மாலுபணிஸ் ஒரு பெட்டியும். இங்க மீனுக்குப் பதிலா உள்ள போடுறது வெறும் உருளைக்கிழங்கு.

உன்ர கூட்டாளி
மொன்றியலில இருந்து