ஒரு பார்வைக்கு எத்தனை எழுத்து?

ஹாய்டி,

உன் மெயில் வந்தப்பவே பதில் போடணும்னு நெனச்சேன், பேப்பர் திருத்தற வேலையில அப்படியே தள்ளிப்போச்சு. இங்க எல்லாரும் சௌக்கியம், பெரியவ ஹாஸ்டல் போயிட்டா, சின்னது இப்ப வீட்டுக்கே ராஜா. அத விடு, உன் பையனப் பத்தி எழுதியிருந்தியே, அதுதான் மண்டைக்குள்ள ஓடிட்டே இருக்கு.

போர்டைப் பாக்கறான், ஒரு எழுத்து எழுதறான், திரும்ப தலைய தூக்கறான், எந்த வரில விட்டோம்னு தேடறான், அதுக்குள்ள டீச்சர் போர்டை அழிச்சிடறாங்க, கடைசில "கவனம் இல்லை"ன்னு நோட்டுல எழுதி அனுப்பறாங்க. ஆறு வயசுடி அவனுக்கு! கவனம் இல்லாத பய எதுக்கு அத்தன தடவ தலைய தூக்கிப் பாக்கப்போறான்? பாத்தத அந்த சில செகண்டுக்கு மனசுல புடிச்சு வெக்கற எடம் இன்னும் வளரல, அவ்வளவுதான். நாங்க கிளாஸ்ல விஷுவல் ஒர்க்கிங் மெமரின்னு சொல்றது இதத்தான்.

நமக்கே அது ஒண்ணும் பெருசு இல்லடி. லக், வோகல்னு ரெண்டு ஆராய்ச்சிக்காரங்க 1997ல ஒரு சோதனை பண்ணாங்க. ஸ்க்ரீன்ல கலர் கட்டங்கள ஒரு நொடி கூட இல்லாம காட்டிட்டு மறைச்சு, மறுபடி காட்டி ஏதாவது மாறிச்சான்னு கேட்டாங்க, பெரியவங்களே மூணு நாலு கட்டத்துக்கு மேல திணறிட்டாங்க. இதே மாதிரி டெஸ்ட்ல 5 வயசுப் பசங்களுக்கு ஒண்ணரை ரெண்டுதான் வருது, 7 வயசுல மூணு கிட்ட, 10 வயசுல நாலு கிட்ட. டெஸ்ட் பண்ற விதத்துக்குத் தகுந்த மாதிரி நம்பர் கூடும் கொறையும், ஆனா ஏறிட்டே போகும்ங்கறதுல சந்தேகம் இல்ல.

இதுல ஒரு வேடிக்கை. பத்து மாசக் கொழந்தைங்களுக்குப் பக்கத்துல பக்கத்துல ரெண்டு ஸ்க்ரீன் வெச்சு, ஒண்ணுல மட்டும் ஒவ்வொரு தடவையும் ஒரு கட்டத்தோட கலர மாத்துவாங்க, கொழந்தை அந்தப் பக்கமே பாத்துட்டிருந்தா முன்ன இருந்த கலர் அதுக்கு ஞாபகம் இருக்குன்னு அர்த்தம். நாலு கட்டம் வரைக்கும் அதுங்க பாக்குது! அப்போ அஞ்சு வயசுல கொறைஞ்சு போச்சான்னு கேப்ப. இல்ல, அங்க ஏதோ மாறுதுன்னு கண்ணு இழுத்தா போதும், இங்க முன்ன பாத்தத மனசுல நிறுத்தி, இப்ப பாக்கறதோட ஒப்பிட்டு, "மாறிச்சு", "மாறல"ன்னு வாயத் தொறந்து சொல்லணும். எனக்கு இந்த விளக்கம்தான் சரின்னு படுது, ஆனா ஆராய்ச்சி பண்றவங்களுக்குள்ள இன்னும் சண்டை ஓயல.

கவனம்தான் காரணமான்னும் பாத்திருக்காங்க. நெல்சன் கோவன்னு ஒரு ஞாபக ஆராய்ச்சியாளரோட குரூப் 2010ல, வட்டமும் முக்கோணமும் கலந்து காட்டி, பெரும்பாலும் வட்டத்ததான் கேப்போம்னு முன்னாடியே சொல்லிட்டாங்க. படம் கொஞ்சமா இருந்தா ஏழு எட்டு வயசுப் பசங்களும் பெரியவங்க அளவுக்கே வட்டத்துல கவனத்த வெச்சாங்க, ஆனாலும் ஞாபகத்துல நின்னது கம்மி. படம் கூடினப்பதான் கவனமும் செதறிச்சு. டீச்சர் கிட்ட இத மட்டுமாவது சொல்லு.

இன்னொண்ணு, நாம ஒரு படத்தப் பாத்ததும் மனசுக்குள்ள அதுக்குப் பேர் சொல்லிக்கறோம்ல, சின்னப் பசங்க அத பெருசா பண்றதில்ல. பேனா, சீப்பு, ஃபோர்க்னு ஒரே நீட்டு வடிவத்துல இருக்கற படங்கள வரிசையா காட்டினா 5 வயசுப் பசங்க கொழம்பிடுவாங்க, 10 வயசுப் பசங்களுக்கு அது தொந்தரவே இல்ல, அவங்களுக்கு நீளமான பேர் இருந்தாத்தான் கஷ்டம். உன் பையன் கதையும் இதான், படிக்கத் தெரிஞ்ச வார்த்தை ஒரே உருப்படியா உள்ள போயிடும், தெரியாத வார்த்தை வெறும் கோடும் சுழியும். அதனால எழுதறதுக்கு முன்னாடி வாய்விட்டு ஒரு தடவ படிக்கச் சொல்லு, போர்டுக்குப் பதிலா பக்கத்துலயே ஒரு தாள்ல ரெண்டு மூணு வார்த்தையா எழுதி வெக்க முடியுமான்னு கேளு.

ஞாபகத்துக்குப் பயிற்சின்னு ஆட்டம் ஆட வெக்கற ஒரு ஆப் பத்தி எழுதியிருந்தியே, அதுக்கு இன்னும் காசு கட்டலைன்னா கட்டாதடி. ஆடற ஆட்டத்துல நல்லா தேறுவான், அது படிப்புக்கும் கை கொடுக்குதான்னு 2013ல பல ஆராய்ச்சிகள ஒண்ணா சேத்துப் பாத்தாங்க, நம்பற மாதிரி ஒண்ணும் தேறல. அந்தக் காசுல அவனுக்கு வேற ஏதாவது வாங்கிக் குடு.

டீச்சர் என்ன சொன்னாங்கன்னு எழுது, உன் முதுகு வலி பத்தியும் ஒரு வரி போடு, கேட்டாலே பேச்ச மாத்திடற.

அன்போட,
உன் பழைய பெஞ்ச்மேட்