ஆள் வராமல் பில் மட்டும் வருவது ஏன்? வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். வியாபாரிகள் வாட்ஸ்அப் குழுக்களில் பத்து நாளாகச் சுற்றும் வாய்ஸ் மெசேஜ் எங்கள் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடைக்கும் வந்து சேர்ந்தது. எங்களைப் பற்றித்தான் பேச்சு. “முன்னெல்லாம் பையன் பென் டிரைவோடு வந்து ஒவ்வொரு கம்ப்யூட்டரிலும் உட்கார்ந்து போட்டுக் கொடுப்பான். இப்போ கடையில இருந்தே ஒரு பட்டனைத் தட்டிட்டு பில் அனுப்புறாங்க, சாஃப்ட்வேரும் வரலை” என்பது அதன் சாரம். பேசியவர் நல்ல மனிதர், அவர் மேல் எங்களுக்குக் கோபமில்லை. ஆனால் அந்தப் ‘பட்டன்’ என்ற சொல்லுக்கு மட்டும் பதில் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

பத்து கம்ப்யூட்டருக்கு மேல் உள்ள அலுவலகங்களில் சர்வரின் (அலுவலகத்தின் மையக் கம்ப்யூட்டர்) குரூப் பாலிசி வழியாகத்தான் மென்பொருள் ஏற்றுகிறோம். எல்லாக் கம்ப்யூட்டருக்குமான அமைப்புகளை ஒரே இடத்திலிருந்து அனுப்பும் விண்டோஸ் வசதி அது. அதற்கு எம்எஸ்ஐ என்ற வகை இன்ஸ்டால் கோப்பு வேண்டும். குரோம், லிப்ரே ஆபீஸ், செவன் ஜிப் போன்றவற்றுக்கு அது கிடைக்கிறது. கோப்பை சர்வரில் ஒரு ஷேர் ஃபோல்டரில் வைத்து, ‘டொமைன் கம்ப்யூட்டர்ஸ்’ குழுவுக்குப் (டொமைன், அதாவது சர்வரின் கீழ் இணைந்த கம்ப்யூட்டர்களின் கூட்டம்) படிக்கும் அனுமதி தர வேண்டும். ஷேரிங் பக்கத்தில் ஒரு முறை, செக்யூரிட்டி பக்கத்தில் ஒரு முறை. ஒன்றை விட்டாலும் வேலை நடக்காது. ஊழியர் பாஸ்வேர்டு போடுவதற்கு முன்பே கம்ப்யூட்டர் தன் சொந்தக் கணக்கில் போய்க் கோப்பை எடுக்கிறது. ஊழியருக்கு அனுமதி இருந்து பயனில்லை. பாலிசியில் பாதையை ‘டி டிரைவ்’ என்று கொடுத்துவிட்டால் ஒவ்வொரு கம்ப்யூட்டரும் தன் டி டிரைவிலேயே தேடிவிட்டுக் கைவிரித்துவிடும். சர்வர் பெயரோடு தொடங்கும் நெட்வொர்க் பாதைதான் தர வேண்டும். இத்தனையும் முடித்து, ஒரே ஒரு கம்ப்யூட்டரில் ஏற்றிப் பார்த்து, அதில் பில் அடித்துப் பிரிண்ட் எடுத்துச் சரிபார்த்த பிறகுதான் மற்றவற்றுக்குத் திறந்துவிடுகிறோம். பென் டிரைவ் வேலையைவிட இதற்கு முன்தயாரிப்பு கூடுதல். உங்கள் கண்ணெதிரில் நடக்கவில்லை என்பதுதான் வித்தியாசம்.

சரி, “சாஃப்ட்வேர் வரலை” என்ற பாதி? அது உண்மை. மேட்டூரில் திறந்தாலும் கடைமடைக்குத் தண்ணீர் வராத கதைதான். அடைப்பு எங்கே என்று சொல்கிறோம்.

குரூப் பாலிசி வழியாக ஏறும் மென்பொருள் கம்ப்யூட்டர் துவங்கும்போது மட்டுமே ஏறும். மற்ற பாலிசிகள் 90 நிமிடத்துக்கு ஒரு முறை, கூடவே அரை மணி வரை தாமதம் சேர்ந்து, தானே புதுப்பித்துக்கொள்ளும். மென்பொருள் அப்படி வராது. இங்கேதான் விண்டோஸின் ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்’ குறுக்கே நிற்கிறது. இரவு ஷட் டவுன் கொடுத்தால் கம்ப்யூட்டர் முழுதாக அணைவதில்லை. உள்நிலையை டிஸ்கில் எழுதிவைத்துக் காலையில் அதையே எடுத்து விரிக்கிறது. அதன் கணக்கில் அது புதிதாகத் துவங்கவே இல்லை. தினமும் ஒழுங்காக ஷட் டவுன் செய்கிறவர்களுக்குத்தான் சாஃப்ட்வேர் வரவில்லை என்பது வேடிக்கை. ரீஸ்டார்ட் கொடுத்தால் வந்துவிடும். ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் கட்டாயம்’ என்ற பாலிசியை டிஸேபிள் செய்தால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். அது கட்டாயத்தைத்தான் நீக்கும், கம்ப்யூட்டரில் உள்ள பழைய அமைப்பு அப்படியே இருக்கும். விண்டோஸ் தன் அமைப்புகளை எழுதிவைக்கும் ரெஜிஸ்ட்ரியில் ‘ஹைபர்பூட் எனேபிள்ட்’ மதிப்பைப் பூஜ்யமாக்க வேண்டும். இதை எல்லா இடங்களிலும் முதலிலேயே செய்திருக்க வேண்டும். சில இடங்களில் விட்டுப்போயிற்று, மன்னிக்கவும். இப்போது சர்வரிலிருந்தே அனுப்பிவிட்டோம்.

அடுத்தது கரண்ட். மின்சாரம் போய் வந்ததும் கம்ப்யூட்டர் எழுந்துவிடும். யுபிஎஸ் இணைப்பில்லாத நெட்வொர்க் சுவிட்ச் (கம்ப்யூட்டர்களையும் சர்வரையும் இணைக்கும் பெட்டி) இன்னும் கண் விழித்திருக்காது. சர்வர் கிடைக்காமலே விண்டோஸ் உள்ளே போய்விடும். ‘நெட்வொர்க்குக்காகக் காத்திரு’ என்ற பாலிசியைப் போட்டு, காத்திருக்கும் நேரத்தையும் இயல்பான 30 நொடியிலிருந்து 90 நொடியாக்கியிருக்கிறோம். காலையில் கொஞ்சம் மெதுவாகத் திறப்பதற்கு அதுவும் ஒரு காரணம். சுவிட்சை யுபிஎஸ்ஸில் மாட்டினால் பாதித் தொல்லை தீரும்.

திங்கள் காலை ‘தயவுசெய்து காத்திருக்கவும்’ திரையில் நின்ற கம்ப்யூட்டர்களைப் பற்றி: லிப்ரே ஆபீஸ் கோப்பு சுமார் 350 எம்பி. இருபது கம்ப்யூட்டர் ஒரே நேரத்தில் கேட்டால் 7 ஜிபி. நூறு எம்பிபிஎஸ் சுவிட்ச் வழியாக அது போய்ச் சேரவே பத்து நிமிடம், அதன் பிறகுதான் இன்ஸ்டால். அந்த நேரத்தில் பவர் பட்டனை அழுத்திவிடாதீர்கள். பாதியில் நின்றதைச் சுத்தம் செய்யத்தான் அன்று எங்களுக்கு அரை நாள் ஆனது. இனி ஐந்து ஐந்தாகப் பிரித்து அனுப்புவோம்.

இணையம் மெதுவாக இருக்கிறதென்று யாராவது டிஎன்எஸ் (பெயரை வைத்து முகவரி சொல்லும் சேவை) முகவரியை மாற்றிவிட்டால் கம்ப்யூட்டருக்கு சர்வர் இருக்கும் இடமே தெரியாது. மதர்போர்டு பேட்டரி தீர்ந்து கடிகாரம் பின்னே போனாலும் தொல்லைதான். சர்வர் கடிகாரத்தோடு உள்ள வித்தியாசத்துக்கு இயல்பு வரம்பு 5 நிமிடம், அதைத் தாண்டினால் சர்வர் அந்தக் கம்ப்யூட்டரை நம்ப மறுக்கலாம். சிஆர் 2032 பேட்டரி மலிவு, மாற்றிவிடுங்கள். விண்டோஸ் ஹோம் பதிப்பு டொமைனில் சேராது. அந்தக் கம்ப்யூட்டர்களுக்கு இந்த வழியே இல்லை.

ஆடிட்டர் அலுவலகங்களின் டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் டிரைவர் பெரும்பாலும் எம்எஸ்ஐ ஆக இல்லாமல் இஎக்ஸ்இ கோப்பாகவே வருவதால் அதற்கு ஆள்தான் வர வேண்டும். எங்களிடம் இருந்த இரண்டு பேரில் ஒரு தம்பி சென்னைக்கு நல்ல வேலை கிடைத்துப் போய்விட்டார். அதனால் வலங்கைமான், குடவாசல், நாச்சியார்கோவில் பக்கம் செவ்வாய், வெள்ளி மட்டும் வருகிறோம். ஆண்டுப் பராமரிப்புக் கட்டணம் அடுத்த மாதம் முதல் கம்ப்யூட்டருக்கு 200 ரூபாய் கூடுகிறது.

குறுவை நெல் வந்து குவியும் நாளில் மில் அலுவலகத்தில் எடைச்சீட்டு நின்றால் என்ன ஆகும் என்று எங்களுக்குத் தெரியும். அப்படிப்பட்ட நேரத்திலும் போனில் பொறுமையாகப் பேசியவர்கள், அந்த வாய்ஸ் மெசேஜைக் கேட்டுவிட்டு “உங்க பக்கம் என்னங்க?” என்று முதலில் எங்களிடமே கேட்டவர்கள், எல்லாருக்கும் மனமார்ந்த நன்றி. விண்டோஸ் எக்ஸ்பி காலத்திலிருந்து கூடவே வரும் பாத்திரக் கடைக்காரர்களுக்குத் தனியாக ஒரு கும்பிடு.

இந்தச் சனிக்கிழமை வேலை முடிந்ததும் எல்லாக் கம்ப்யூட்டரையும் ஒரு முறை ரீஸ்டார்ட் கொடுத்து, லாகின் திரை வந்த பிறகு அணையுங்கள். சர்வரையும் சுவிட்சையும் அணைக்க வேண்டாம். திங்கள் காலையும் சாஃப்ட்வேர் வரவில்லையென்றால் கம்ப்யூட்டரின் பெயரை மட்டும் எங்களுக்கு அனுப்புங்கள்.

இப்படிக்கு,
உங்கள் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடையினர்,
கும்பகோணம்