துருவ ஒளியின் சுருள்கள்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

துருவ ஒளி பற்றித் தங்கள் பத்திரிகையில் வெளிவந்த கட்டுரை, சூரியத் துணிக்கைகளால் வானம் பச்சையாக ஒளிர்கிறது என்பதோடு நின்றுவிட்டது. ஏறத்தாழ 100 கிலோமீட்டர் உயரத்திலும் அதற்கு மேலும், கீழிறங்கும் இலத்திரன்களால் ஒட்சிசன் அணுக்கள் தூண்டப்படுவதே அந்தப் பச்சைக்குக் காரணம் என்பது சரிதான். ஆனால் அவ்வொளித்திரை ஏன் மடிந்து, சுருண்டு, கணத்துக்குக் கணம் உருமாறுகிறது என்பதல்லவா சுவையான கேள்வி?

இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறக்கப்படும் நாளில், பாய்ந்துவரும் நீர் ஓரத்து மந்த நீரை உரசும் இடத்தில் முதலில் சிறு நெளிவும், பிறகு வரிசையாகச் சுழிகளும் தோன்றுவதை, பிள்ளைகளைக் கரையிலே இறுகப் பிடித்துக்கொண்டு பலமுறை பார்த்திருக்கிறேன். கெல்வின்-ஹெல்ம்ஹோல்ட்ஸ் உறுதியின்மை எனப்படுவது இதுவே. அதுபோலவே, துருவ ஒளி வில்லின், அதாவது வானில் வில்லாய் நீளும் அவ்வொளித்திரையின், இரு பக்கங்களிலும் மின்புலம் எதிரெதிர்த் திசைகளில் அமைவதால், காந்தப் புலத்துக்குக் குறுக்கே பிளாஸ்மாவும் (மின்னேற்றமுற்ற துணிக்கைகளாலான வாயு) எதிரெதிராக நகர்கிறது. அந்த எல்லையிலேதான் சில கிலோமீட்டர் அகலமான சுருள்கள் எழுந்து, பின்னர் கொந்தளிப்பாகச் சிதறுகின்றன.

வன்னியில் நாம் துருவ ஒளியைக் காண்பதில்லை. எனினும் புவிக்காந்த நடுக்கோட்டுக்கு அண்மையிலுள்ள நமது வானிலும், பொழுதுபட்ட பின்னர், அடர்ந்த பாய்மம் அடர்த்தி குறைந்ததன் மேல் இருக்கையில் எழும் ரேலி-டெய்லர் என்னும் வேறோர் உறுதியின்மையால் அடர்த்தி குறைந்த பிளாஸ்மாக் குமிழிகள் மேலெழுந்து, செய்மதிச் சமிக்ஞைகளைக் கலக்கி, ஜி.பி.எஸ். அளவீடுகளைப் பிசகச் செய்வதுண்டு. அதைப் பற்றியும் எழுதுமாறு கட்டுரையாளரைக் கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற பௌதிகவியல் ஆசிரியர்,
கிளிநொச்சி.