எங்கள் பக்கம் ஏணியே இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழ்த் தலையங்கத்தில், திறமை உள்ளவரை எந்த நிறுவனமும் கீழேயே வைத்திருக்காது என்று எழுதியிருந்தீர்கள். அந்த வரிக்குப் பிறகு மேற்கொண்டு படிக்க எனக்கு மனம் வரவில்லை.

நான் 14 ஆண்டுகளாகக் கணக்குப் பிரிவில் ஒப்பந்த ஊழியர். வேலை செய்வது ஒரு நிறுவனத்தில். சம்பளம் தருவது ஒரு முகவர். அடையாள அட்டைக் கயிறு நிரந்தர ஊழியருக்கு நீலம், எங்களுக்கு மஞ்சள். பேரேடு பார்ப்பது எப்படி என்று நான் பக்கத்தில் உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்த பையன் நீலக் கயிற்றோடு வந்தவர். ஆறே ஆண்டில் என் பிரிவுக்கு மேலாளர் ஆகிவிட்டார். கெட்டிக்காரர்தான், அவர்மேல் எனக்கு வருத்தமில்லை. ஆண்டுக் கணக்கு இடித்தால் இப்போதும் “அக்கா, இதைக் கொஞ்சம் பாருங்க” என்று என் மேஜைக்குத்தான் வருவார். ஆனால் பதவி உயர்வுப் பட்டியலில் என் பெயரை எழுத இடமே கிடையாது. பட்டியல் நிறுவனத்துடையது, நான் முகவருடைய ஆள். ஒப்பந்தம் புதுப்பிக்கும் ஒவ்வொரு முறையும் நான் புதிதாகச் சேர்ந்தவள் ஆகிவிடுகிறேன்.

உங்களுக்குத் தெரியாததல்ல. பெரிய நிறுவனங்களுக்குள்ளேயே தனி வேலைச் சந்தை ஒன்று நடக்கிறது, அதற்கென்று உள்ள வாசல் வழியே நுழைந்தவர்களுக்குத்தான் மேல்படிகள் என்று டோரிங்கர், பியோர் என்ற பொருளியலாளர்கள் 1971-லேயே விளக்கிவிட்டார்கள். வாசலுக்கு வெளியே நிற்பவரிடம் திறமையைப் பற்றிப் பேசி என்ன பயன்?

வேலையின் மதிப்பும் அப்படித்தான். அமெரிக்காவில் உருவான தொடக்ககால மின்னணுக் கணினி எனியாக். அதற்கு நிரல் அமைத்தவர்கள் ஆறு பெண்கள். 1946-இல் அந்தக் கணினியை உலகுக்குக் காட்டிய விழாவில் அவர்களை யாரும் அறிமுகப்படுத்தவில்லை. அன்று நிரல் அமைப்பது எழுத்தர் வேலைக்குச் சமமாகவே எண்ணப்பட்டது. பின்னால் நிரலாளர்களுக்குக் கிராக்கி வந்தது, ஆண்கள் நிறைந்தார்கள், சம்பளம் கூடியது, மரியாதையும் வந்தது. அந்த ஆறு பேருக்கா திறமை குறைவு?

உங்கள் சாதனையாளர் சிறப்பிதழிலும் பேட்டி கண்டவர்கள் அத்தனை பேரும் அதிகாரிகள். அப்போது நான் எழுதிய கடிதம் வெளியாகவில்லை. வாரம் தவறாமல் வாங்கிப் படிப்பவளுக்கு அது வலித்தது.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். உங்கள் வேலைவாய்ப்புப் பக்கத்தில் ஒவ்வோர் அறிவிப்பின் கீழும் அது நிரந்தர வேலையா ஒப்பந்தமா, பதவி உயர்வு உண்டா இல்லையா என்று கேட்டுப் போடுங்கள். அறிவிப்புக்கு ஒரு வரிதான் கூடும்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகி