குடியிருப்பவர்களை வெளியேற்றாமல் பழைய பகுதியைப் புதுப்பிக்கக் கோரும் மனு

அனுப்புநர்:
பழைய குடியிருப்புப் பகுதி மக்கள் சார்பாக,
குடியிருப்போர் நலச் சங்கம்.

பெறுநர்:
உயர்திரு ஆணையர் அவர்கள்,
மாநகராட்சி அலுவலகம்.

பொருள்: வீட்டுவசதித் திட்டத்தில் வாடகைக் குடும்பங்களையும் சேர்ப்பது, மாற்று வீட்டை முதலில் கட்டுவது தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். எங்கள் பகுதியைப் புதுப்பித்து, குறைந்த வருமானமுள்ள குடும்பங்களுக்கு வீடு கட்டப்போவதாக அறிவித்திருக்கிறீர்கள். அதற்கு எங்கள் நன்றி. ஒழுகும் கூரையும் நிரம்பி வழியும் சாக்கடையும் போக வேண்டும் என்பதில் எங்களுக்குள் இரண்டு கருத்து இல்லை. ஆனால் அறிவிப்பைப் படித்ததும் வீட்டுக்கு வீடு எழுந்த கேள்வி ஒன்றுதான்: அந்தப் புது வீடுகளில் நாங்கள் இருப்போமா?

இங்கே ஒரு வீட்டுக்காரருக்கு மூன்று நான்கு வாடகைக் குடும்பங்கள். வாடகை ஒப்பந்தம் பெரும்பாலும் வாய்ச்சொல்தான். மின் இணைப்பும் வரி ரசீதும் வீட்டுக்காரர் பெயரில் இருக்கும். கணக்கெடுக்க வருபவர் பகலில் வந்தால் நாங்கள் வேலையில் இருப்போம். இடிக்கும் தேதி தெரிந்ததும் "காலி செய்துவிடுங்கள்" என்ற பேச்சு வரும். அப்புறம் பயனாளிகள் பட்டியல் தயாராகும்போது எங்கள் பெயர் எதிலும் இருக்காது. இருபது வருடம் இதே தெருவில் இருந்தவருக்கும் இதே கதிதான்.

ஆகவே, அறிவிப்பு வெளியான நாளில் இங்கே குடியிருந்த எல்லோரையும், வாடகைக்கு இருப்பவர்கள் உட்பட, முதலில் கணக்கெடுங்கள். மாலையிலும் விடுமுறை நாட்களிலும் வாருங்கள், நாங்களும் கூட நடக்கிறோம். தாய்லாந்தில் 2003-இல் தொடங்கிய, குடிசைப் பகுதிகளை மேம்படுத்தும் பான் மன்கோங் திட்டத்தில் குடியிருப்பவர்களே தங்கள் பகுதியைக் கணக்கெடுத்தார்கள். எந்த வீட்டில் எத்தனை பேர் என்று எங்களைவிட யாருக்குத் தெரியும்?

அடுத்தது, இடம். ஊருக்கு வெளியே நிலம் மலிவு என்ற யோசனை அலுவலகத்தில் பேசப்படுவதாகக் கேள்விப்படுகிறோம். தயவுசெய்து அது வேண்டாம். பெருநகரம் என்றால் ஓரத்திலிருந்தும் பெரும்பாலும் ரயிலோ பேருந்தோ கிடைக்கும். நம்முடையதுபோன்ற நடுத்தர நகரத்தில் எல்லையைத் தாண்டினால் பேருந்துக்காகக் காத்துக் கிடக்க வேண்டும். வீட்டு வேலைக்குப் போகும் பெண்களுக்கு நடந்து போகும் தூரத்தில்தான் பிழைப்பு இருக்கிறது. வாடகையில் மிச்சமாகும் காசு பயணத்தில் போய்விட்டால் அந்த வீடு மலிவு வீடு ஆகாது.

சிலி நாட்டின் இக்கிக்கே நகரில் கின்டா மொன்ராய் என்ற இடத்தில் சுமார் நூறு குடும்பங்கள் முப்பது ஆண்டுகளாக நகரின் நடுவில் குடியிருந்தன. நிலம் விலை அதிகம். இருந்தும் அவர்களை வெளியே அனுப்பாமல் 2004-இல் அதே இடத்தில் கட்டினார்கள். முழு வீடு கட்டப் பணம் போதவில்லை. சரி, பாதி வீடு கட்டலாம் என்று முடிவெடுத்தார்கள். சமையலறை, குளியலறை, மாடிப்படி என ஒரு குடும்பம் தானாகக் கட்டக் கஷ்டப்படும் பாதியைத் திட்டத்திலேயே கட்டிக்கொடுத்து, மீதிப் பாதிக்கு இடம் விட்டார்கள். கையில் காசு சேரச் சேரக் குடும்பங்கள் மீதியைக் கட்டிக்கொண்டன. நிதி குறைவு என்று நீங்கள் சொல்லக்கூடும் என்பதால்தான் இதை விரிவாக எழுதுகிறோம்.

எல்லாவற்றையும் இடிக்கவும் வேண்டியதில்லை. பிரான்சின் போர்தோ நகரில் 1960-களில் கட்டிய 530 வீடுகளை, மக்கள் உள்ளே குடியிருக்கும்போதே விரிவாக்கிப் புதுப்பித்தார்கள். எங்கள் பகுதியிலும் உறுதியாக நிற்கும் கட்டடங்கள் உண்டு. பொறியாளரை அனுப்பி ஒவ்வொன்றாகப் பரிசோதியுங்கள். இடித்தே ஆக வேண்டியவற்றுக்கு, பகுதிக்குள் சும்மா கிடக்கும் அரசு நிலத்தில் முதல் கட்டடத்தை எழுப்பி, ஒரு தெருவை அதில் குடியேற்றிய பிறகு அந்தத் தெருவை இடிக்கலாம். அப்படியே அடுத்த தெரு. எங்களில் சிலர் முன்பு வேறோர் இடத்தில் "ஒரே வருடம்" என்ற வாக்கை நம்பி வெளியேறியவர்கள். ஒன்றாம் வகுப்பில் இருந்த பிள்ளை ஐந்தாம் வகுப்புக்குப் போன பிறகும் அங்கே தூண்கள்தான் நின்றன.

கட்டிய பின் பராமரிப்புக்கென்று தனி நிதியும் வேண்டும். அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் 33 அடுக்குமாடிக் கட்டடங்களுடன் 1950-களில் எழுந்த புரூயிட்–ஐகோ குடியிருப்பு வாடகை வரவை நம்பிப் பராமரிக்கப்பட்டது. ஆட்கள் குறைய வரவும் குறைந்தது, பழுதுகள் அப்படியே நின்றன. 1972-இல் இடிக்கத் தொடங்கிவிட்டார்கள்.

பகுதி அழகானால் நிலத்தின் விலை ஏறும், வாடகையும் ஏறும். அமெரிக்காவின் பர்லிங்டன் என்ற சிறிய நகரம் 1984-இலேயே இதற்கு ஒரு வழி கண்டது. நிலம் பொது அறக்கட்டளையிடம் இருக்கும், வீடு குடும்பத்துக்குச் சொந்தம், விற்றால் விலையேற்றத்தில் ஒரு பங்கு மட்டுமே கிடைக்கும். அடுத்து வருபவருக்கும் அதே வீடு கட்டுப்படியாகிறது. நமது திட்டத்திலும் அரசு நிலத்தை விற்றுவிடாமல் வைத்திருக்கக் கேட்டுக்கொள்கிறோம்.

கணக்கெடுப்பு தொடங்கும் முன் எங்கள் பகுதியிலேயே, எல்லோரும் வேலை முடிந்து வரும் மாலை நேரத்தில், ஒரு கூட்டம் நடத்தித் தர வேண்டுகிறோம். கூட்ட நாளையும், வாடகைக் குடும்பங்கள் பட்டியலில் சேருமா என்பதையும் எழுத்துப்பூர்வமாகத் தெரிவிக்கும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
பகுதி மக்கள்.

இணைப்பு: குடியிருப்போர் கையொப்பப் பட்டியல்.